நாக்குக் கட்டியும் அவசரத் தீர்ப்பும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், வெற்றிலை போடாதவரின் வாயில் வரும் கட்டியைச் சூட்டுக் கட்டி என்றும், போடுபவரின் கட்டியைப் புற்று என்றும் பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டிவிடுகிறார்கள். புகையிலையோடு வெற்றிலை மெல்லுவது வாய்ப்புற்றுக்குக் காரணமாவதால் அந்த அச்சத்தைக் குறைகூற முடியாது. எனினும், புற்றல்லாத அரிய கட்டிகளும் அதே வாயில் வருகின்றன.

அவற்றுள் ஏமாற்றுவதில் முதன்மையானது, ரஷ்ய நோயியல் அறிஞர் அப்ரிக்கொசோவ் 1926இல் விவரித்த கிரானுலர் செல் கட்டி. நரம்பு உறையின் செல்களிலிருந்து தோன்றும் இது பெரும்பாலும் நாக்கில், வலியின்றி, கெட்டியாக, 2 சென்டிமீட்டருக்கும் குறைவான அளவில் மெல்ல வளரும். இதன் மேலுள்ள தோல் சில வேளைகளில் தடித்துக் கீழ்நோக்கி விரல்போல் இறங்குவதால், மேலாகச் சுரண்டி எடுத்த துணுக்கை மட்டும் நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அது வாய்ப்புற்றின் வழக்கமான வகையான செதிள் செல் புற்றுநோயாகவே தோன்றும். தேவையற்ற பெரிய அறுவைக்கும் அது வழிவிடலாம். ஆகவே பயாப்ஸி, அதாவது சோதனைக்கான திசுத் துணுக்கு, கட்டியின் உடலை எட்டும் ஆழம் வரை எடுக்கப்பட வேண்டும். ஐயம் எழுந்தால், நரம்பு உறைச் செல்களை அடையாளம் காட்டும் எஸ்-100 சாயப் பரிசோதனை துணைபுரியும். துணுக்கோடு அனுப்பும் பரிசோதனைப் படிவத்தில் "நாக்குக் கட்டி" என்று மட்டும் எழுதி அனுப்புவதும் தவறுதான், ஏனெனில் இடம், அளவு, எத்தனை மாதமாக உள்ளது என்பவை தெரியாமல் நோயியல் நிபுணர் பாதிக் கண்ணால்தான் பார்க்கிறார்.

அண்ணத்தின் பின்பகுதியில் வலியில்லாத வீக்கம் கண்டால், பல் சீழ் என்று கருதிக் கீறிவிடுவதும் பல்லைப் பிடுங்குவதும் அடிக்கடி நிகழ்கின்றன. பல்லுக்கு உயிருள்ளதா என்று முதலில் சோதித்தால், அது சிறு உமிழ்நீர்ச் சுரப்பியின் கட்டியாக இருக்கலாம் என்ற எண்ணம் எழும். அவ்விடத்துக் கட்டிகளில் கணிசமானவை தீயவை என்பதால், மெதுவாக வளர்கிறது என்று சொல்லி விட்டுவைக்கவும் கூடாது. நீலம் பூத்த கட்டியைக் கண்ணாடித் துண்டால் அழுத்த, நிறம் வெளுத்தால் அது இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம்; சிறிய கிளினிக்கில் அதில் கத்தி வைக்க வேண்டாம்.

வெற்றிலை போடுபவருக்குப் புற்றில்லை என்ற முடிவு வந்த மகிழ்ச்சியில், கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பாராமல் அனுப்பிவிடுபவர்களும் உள்ளனர். அங்குள்ள வெண்படலம் வேறொரு நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். ஈப்போ நகருக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும் என்பதால் பலர் முடிவை வாங்கவே திரும்புவதில்லை. ஆகவே படிவத்தில் மகன் அல்லது மகளின் தொலைபேசி எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.