விக்டோரியா காலத்து பீர் ஆலையைப் பார்ப்பது எப்படி?

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஹூக் நார்ட்டன் என்ற கிராமத்துக்குப் போகிறீர்களா? அங்குள்ள பீர் ஆலையை வாசலில் நின்று படம் பிடித்துவிட்டு கிளம்பிவிடாதீர்கள். 1849இல் ஜான் ஹாரிஸ் தொடங்கிய ஆலை அது. இப்போது நிற்கும் கோபுரக் கட்டடம் கட்டடக் கலைஞர் வில்லியம் பிராட்ஃபோர்ட் வரைந்தது, 1900இல் முடிந்தது. செங்கல், இரும்புத்தாது கலந்த பழுப்புக் கல், மரச்சட்டம், பலகை, கற்பலகைக் கூரை என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப்போவதால் முதலில் கண் தடுமாறும். தடுமாறட்டும், சாலையில் கொஞ்சம் தள்ளி வந்து உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பாருங்கள்.

ஏன் உச்சியிலிருந்து? நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் எப்படித் தானாக இறங்குகிறதோ, அதே வேலைதான் இங்கேயும். தண்ணீரையும் முளைகட்டிக் காயவைத்த பார்லியையும் ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், அரைப்பது, வெந்நீரில் ஊறவைப்பது, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைப்பது, நொதிக்கவைப்பது என்று மாடி மாடியாக இறங்கி, கடைசியில் பீப்பாயில் வந்து சேரும். பம்பு அடியோடு வேண்டாம் என்றில்லை, இப்படிப்பட்ட பல ஆலைகளில் கொதித்த சாற்றை ஆறவைக்க மறுபடி மேலே ஏற்றினார்கள்.

அந்த ஆறவைக்கும் இடத்தைத்தான் நீங்கள் வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். கூரைக்குக் கீழே கண்ணாடி இல்லாமல், சாய்ந்த பலகைகள் இடைவெளி விட்டு அடுக்கிய ஜன்னல் மாதிரி ஒன்று இருக்கும். சூடான காபியை டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும் இல்லையா, அதுபோல ஆழமில்லாத அகலமான தட்டில் சாற்றைப் பரப்பிவிடுவார்கள், ஆவி அந்தப் பலகை இடுக்கு வழியாக வெளியேறும், மழை உள்ளே வராது. எனக்கு முழுக் கட்டடத்திலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் மூட்டை தூக்கும் இடத்தைத் தேடுங்கள். சுவரை விட்டு மரக்கூண்டு போல எதுவும் துருத்திக்கொண்டிருந்தால் அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள், சங்கிலி இறங்கும் வழி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

உள்ளே போனதும் வார்ப்பிரும்புத் தூண்களைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பிய தொட்டி ஒன்றே பல டன் கனம், அதை மாடியில் வைத்துத் தாங்க வேண்டுமே! கீழே பக்ஸ்டன் அண்ட் தார்ன்லி நிறுவனம் செய்த 1899ஆம் ஆண்டு நீராவி இயந்திரம் இருக்கிறது, 25 குதிரைத்திறன்தான். அதிலிருந்து புறப்படும் தண்டுகளும் பெல்ட்டுகளும் எந்தச் சுவருக்குள் நுழைந்து எந்த மாடிக்குப் போகின்றன என்று அவசரப்படாமல் பின்தொடருங்கள், கட்டடத்தின் வரைபடமே கையில் கிடைத்த மாதிரி இருக்கும்.

நேரம் இருந்தால் தெற்கு இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் ஊஸ் ஆற்றங்கரையில் உள்ள ஹார்வீஸ் ஆலைக்கும் போய் வாருங்கள். அந்தக் கோபுரமும் பிராட்ஃபோர்ட் வரைந்ததுதான், 1880களின் தொடக்கத்தில் கட்டியது. அங்கேயும் முதலில் கூரையைப் பாருங்கள்.