போதகரின் மூன்று மாத ஓய்வு: ஒப்படைப்பும் குறிப்பேடும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறச் சிற்றூரில் குருமனை, அதாவது போதகர் குடியிருக்கும் வீடு, பெரும்பாலும் ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கும். போதகரின் மோட்டார் சைக்கிள் எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். "ஐயா ஓய்வுலதான் இருக்காரு, ஒரே ஒரு ஜெபம் மட்டும்" என்று ஒரு வீட்டார் தொடங்கினால் போதும், அந்த வாரம் போய்விடும். அதனால் தியானத்தைப் பற்றி யோசிக்குமுன் ஒப்படைப்பை, அதாவது சபைப் பொறுப்புகளை மற்றவர்களிடம் கொடுப்பதை, முடியுங்கள்.

காலம்: ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு முடிந்ததும் தொடங்கி 12 வாரம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாள்களும் கிறிஸ்மஸ் கேரல் சுற்றும் இதில் சிக்காது.

ஒப்படைப்பை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். 12 ஞாயிறுக்கும் செய்தி கொடுப்பவர் யார் என்று தாளில் எழுதி ஒட்டுங்கள். சபை மூப்பர் பிரசங்கிக்கலாம்; திருவிருந்துக்கு அபிஷேகம் பெற்ற குருவானவர்தான் வேண்டும் என்ற சபைகள், பக்கத்து ஊர்ப் போதகரிடம் அந்த ஞாயிறுகளுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அவருடைய பெட்ரோல் செலவும் காணிக்கையும் சபைக் கணக்கில் தனியாகப் போக வேண்டும், ஓய்விலிருப்பவரின் சம்பளத்திலிருந்து அல்ல.

திருமணத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி ஓய்வில் போகும் போதகர் திருமண உதவிப் பதிவாளராக இருக்கலாம். பதிலுக்கு வருபவருக்கு அந்த நியமனம் இல்லாமல் போகலாம். அப்படியானால் ஜோடி முதலில் தேசியப் பதிவிலாகாவில் பதிந்துகொண்டு ஆலயத்தில் ஆசீர்வாதம் பெறட்டும். திருமண அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட வேண்டும் என்பதால் இதைக் கடைசி வாரத்தில் சரிசெய்ய முடியாது.

ஓய்வு அதிகமாக உடைவது மரண வீட்டில்தான். பெரும்பாலும் மறுநாளே அடக்கம், கூடிப் பேச நேரம் இருக்காது. இரவு இரண்டு மணிக்கு யாரை அழைப்பது, எந்த நிலையிலும் போதகரை அழைப்பதா இல்லையா என்று சபைக் குழு முன்னதாகவே முடிவெடுத்து ஆராதனையில் அறிவிக்க வேண்டும். அழைக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. போதகர் ஒரு வீட்டு மரணத்துக்கு வந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வராமல் போனால் அந்த மனக்கசப்பு வருஷக்கணக்கில் நிற்கும்.

கைப்பேசி அழைப்புகளை மூப்பரின் எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். கைப்பேசியையே கொடுத்துவிடாதீர்கள், பலர் மனம் திறந்து சொன்னவை அதில் இருக்கின்றன. சபை வாட்ஸ்அப் குழுவின் ஒலியை அடக்கிவைத்தால் போதாது, வெளியேறுங்கள். பாஸ்டரம்மாவையும் (போதகரின் மனைவி) பெண்கள் ஐக்கியப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள், இல்லாவிட்டால் சபைக் கவலை சமையலறை வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

வெளியூர் போக முடிந்தால் போங்கள். கேமரன் மலை நல்ல இடம்தான், ஆனால் அங்கேயும் தமிழ்ச் சபை உண்டு. "வந்ததே வந்தீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு செய்தி குடுங்க" என்பார்கள். பதிலை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தால் வாரத்தில் மூன்று பகலாவது வளாகத்துக்கு வெளியே கழியட்டும்.

முதல் இரண்டு வாரம் எதுவும் எழுத வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ல் எலியா இரண்டு முறை படுத்து எழுந்து சாப்பிட்ட பிறகுதான் கர்த்தருடைய வார்த்தை அவருக்கு வருகிறது. ஓய்வு தொடங்கிய திங்கட்கிழமையே இணையப் படிப்பில் சேர்கிறவர்கள் அதே களைப்போடுதான் திரும்புகிறார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு சாதாரணப் பள்ளி நோட்டை எடுங்கள். வலது பக்கத்தில் மட்டும் எழுதி, இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள். காலையில் ஐந்து சங்கீதம், 30 நாளில் 150-ம் முடியும். விளக்கவுரை வேண்டாம். மனதில் தைத்த ஒரு வரியைக் குறித்துவிட்டு 20 நிமிடம் எழுதுங்கள்.

இங்கேதான் பழக்கம் ஏமாற்றும். மூன்று தலைப்பு, அவையும் எதுகையோடு வந்தால் அது பிரசங்கம். "நாம்" என்று தொடங்கிய வாக்கியத்தை அடித்துவிட்டு "நான்" என்று திருப்பி எழுதிப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் நிற்காது. நிற்பவை பயன்படும். எழுத ஒன்றும் வராத நாளில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: எந்த வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தும்போது மனம் சுருங்குகிறது? நான் இல்லாமலும் எந்த வேலை நடக்கும்? ஆட்களின் பெயரை எழுதாதீர்கள், முதலெழுத்துகூட வேண்டாம். சிறிய சபையில் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஞாயிறுகளில் வேறு மொழி ஆராதனையில், சபா, சரவாக் மக்கள் கூடும் மலாய் ஆராதனை போன்றதில், கடைசி வரிசையில் உட்காருங்கள். தமிழ்ப் பிரசங்கம் கேட்டால் மனம் மதிப்பெண் போடத் தொடங்கிவிடும். சொந்தச் சபையின் நேரலையைத் திறக்கவே வேண்டாம், தலைகளை எண்ணுவீர்கள்.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் சலிப்பும் குற்றவுணர்வும் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு தள்ளிப்போட வேண்டாம்.

பத்தாம் வாரம் நோட்டை முதலிலிருந்து படித்து, காலியாக விட்ட பக்கங்களில் பதில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வரும் சுமை எது என்று அப்போது தெரியும். அவற்றில் கைவிட வேண்டிய இரண்டைத் தேர்ந்தெடுத்து, திரும்பிய முதல் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். கட்டட நிதிப் பேச்சு தொடங்கிவிட்டால் பிறகு நேரம் கிடைக்காது.