விண்டோஸ் சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்புக்குப் பல காரணிச் சரிபார்ப்பை அமைக்கும் முறை

விண்டோஸ் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 ஆம் போர்ட் (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயில்) இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்தால், தானியங்கி நிரல்கள் அதைக் கண்டறிந்து கடவுச்சொற்களை வரிசையாக முயலத் தொடங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. கடவுச்சொல் எவ்வளவு நீளமானதாக இருந்தாலும், அது வேறோரிடத்தில் கசிந்துவிட்டால் பயனில்லை. எனவே கடவுச்சொல்லுடன் கைபேசியின் ஒப்புதலையும் கேட்கும்படி, அதாவது பல காரணிச் சரிபார்ப்புடன், ஒரு சர்வரை அமைப்பது எப்படி என்பதை இங்கே பார்ப்போம். இதற்குச் சிஸ்கோவின் டுவோ சேவையை எடுத்துக்கொள்கிறேன். 10 பயனர்கள் வரை கட்டணமில்லை என்பதால் பழகுவதற்கு ஏற்றது.

படி 1: மாற்று வழியை உறுதிசெய்தல்

நிறுவலில் ஏதேனும் பிசகினால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஆகவே முதலில் சர்வரின் ஸ்னாப்ஷாட் (இப்போதைய நிலைக்குத் திரும்ப உதவும் நகல்) ஒன்றை எடுத்துக்கொண்டு, கிளவுட் நிறுவனமோ மெய்நிகர் தளமோ தரும், ரிமோட் டெஸ்க்டாப் இல்லாமலே சர்வரின் திரையைக் காட்டும் கன்சோல் வழியாக உள்நுழைய முடிகிறதா என்று நேரில் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்சோலைத் திறக்கும் கணக்குக்கும் பல காரணிச் சரிபார்ப்பு இருக்க வேண்டும்.

படி 2: ஃபயர்வாலும் என்எல்ஏ அமைப்பும்

எந்த இணைப்புகளை அனுமதிப்பது என்று முடிவுசெய்யும் விண்டோஸ் ஃபயர்வாலின் உள்வரும் விதிகளில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதிகளைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் உங்கள் அலுவலகம் அல்லது விபிஎன் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள். பிறகு சிஸ்டம் பண்புகளின் ரிமோட் பகுதியில் என்எல்ஏ எனப்படும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் (உள்நுழைவுத் திரை திறக்கும் முன்பே பயனரைச் சரிபார்க்கும் வசதி) தேர்வாகியுள்ளதா என்று பாருங்கள். டுவோ வந்தபின் இவை தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்ட புளூகீப் என்ற பிழை, உள்நுழைவதற்கு முன்பே பழைய விண்டோஸ் கணினிகளைக் கைப்பற்ற இடம் கொடுத்தது. அத்தகைய தாக்குதல் கைபேசி ஒப்புதல் கேட்கும் கட்டத்துக்கு வருவதே இல்லை.

படி 3: டுவோ கணக்கும் பயனர்களும்

டுவோவின் நிர்வாகப் பக்கத்தில் கணக்குத் தொடங்கி, பயன்பாடுகளின் பட்டியலிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) என்பதைச் சேர்த்தால் இன்டக்ரேஷன் கீ, சீக்ரெட் கீ, ஏபிஐ ஹோஸ்ட்நேம் ஆகிய மூன்று மதிப்புகள் கிடைக்கும். சீக்ரெட் கீயை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பாதீர்கள். அடுத்து, விண்டோஸில் உள்ள அதே பயனர்பெயருடன் ஒவ்வொருவரையும் சேர்த்து, அவர்களுடைய கைபேசியில் டுவோ மொபைல் செயலியை இணைத்துவிடுங்கள். உள்நுழையும் திரையிலேயே புதிதாகப் பதிவுசெய்துகொள்ளும் வசதி இதில் இல்லாததால், இதை நிறுவலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

படி 4: நிறுவுதல்

சர்வரின் நேரம் சரியாக உள்ளதா, 443 ஆம் போர்ட் வழியாக வெளியே செல்ல முடிகிறதா என்று பார்த்தபின், டுவோவின் விண்டோஸ் லாகன் நிறுவியை இயக்கி மூன்று மதிப்புகளையும் உள்ளிடுங்கள். அதன்பின் வரும் தேர்வுப்பெட்டிகளில்தான் கவனம் தேவை.

டுவோ சேவையைத் தொடர்புகொள்ள முடியாதபோது சரிபார்ப்பைத் தவிர்த்து உள்ளே விடலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். வசதியாகத் தோன்றினாலும் அதன் குறியை எடுத்துவிடுவதே நல்லது என்பேன். அமெரிக்காவின் எஃப்பிஐயும் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் 2022 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கையில், ரஷ்ய அரசு சார்ந்த ஊடுருவலாளர்கள் ஓர் அரசு சாரா அமைப்புக்குள் புகுந்து, எந்த இணையப் பெயர் எந்த முகவரிக்குச் செல்லும் என்பதைக் குறிக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தி டுவோவுக்குச் செல்ல வேண்டிய அழைப்புகளை அந்தக் கணினிக்கே திருப்பிவிட்டதாகக் கூறப்பட்டுள்ளது. சேவை கிடைக்கவில்லை என்று நம்பிய சர்வர் கதவைத் திறந்துவிட்டது. அவர்கள் முதலில் நுழைந்தது, டுவோவிலிருந்து நீக்கப்பட்டும் ஆக்டிவ் டைரக்டரியில் (விண்டோஸ் வலையமைப்பின் பயனர் கணக்குகளின் பதிவேடு) முடக்கப்படாமல் கிடந்த ஒரு பழைய கணக்கின் வழியாகத்தான். அந்தக் கணக்கில் தங்கள் சொந்தக் கருவியையே பதிவுசெய்துகொண்டார்கள். வேலையை விட்டுச் சென்றவர்களின் கணக்குகளை இரண்டு இடங்களிலும் மூடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மட்டும் சரிபார்ப்பைக் கேட்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். அப்போது இணையம் அறுந்தாலும் முதல் படியில் சோதித்த கன்சோல் கைகொடுக்கும்.

படி 5: சோதித்தல்

இப்போதுள்ள இணைப்பை மூடாமல், வேறொரு கணினியிலிருந்து புதிதாக இணைந்து பாருங்கள். கடவுச்சொல்லுக்குப் பின் கைபேசியில் கோரிக்கை வர வேண்டும். ஒருமுறை மறுத்து, உள்ளே விடவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள். தாங்கள் உள்நுழையாத நேரத்தில் கோரிக்கை வந்தால் மறுத்துவிட்டு உடனே தெரிவிக்குமாறு பயனர்களிடம் சொல்லிவையுங்கள். கடவுச்சொல் பிறர் கையில் உள்ளது என்பதற்கு அது அறிகுறி.

பவர்ஷெல் வழியான தொலை இணைப்பு, பகிர்ந்த கோப்புறைகள், திட்டமிட்ட பணிகள் ஆகியவற்றை இந்த ஏற்பாடு காப்பதில்லை. அவற்றுக்கான போர்ட்களை ஃபயர்வாலிலேயே கட்டுப்படுத்த வேண்டும். கடவுச்சொல் முயற்சிகளும் முற்றிலும் நின்றுவிடா என்பதால், ஈவென்ட் வியூவரின் பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண்ணுள்ள தோல்விகளை அவ்வப்போது பாருங்கள். என்எல்ஏ இயங்கும்போது அவை பெரும்பாலும் லாகன் வகை 10 (ரிமோட் டெஸ்க்டாப்) என்றல்லாமல் 3 (வலையமைப்பு) என்றே பதிவாகும்.