பையனின் பழைய சைக்கிளும் என் பெட்ரோல் கணக்கும்

போன ஜூலையில் சின்னவளும் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பெரியவன் புனேவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது. மறுநாள் காலை பழக்கதோஷத்தில் ஏழேகாலுக்கே காரை எடுத்து சிக்னல்வரை போய்விட்டேன். அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது, அவளுடைய பி.யூ. காலேஜ் (பிளஸ் டூ மாதிரி) பக்கம் திரும்ப வேண்டிய வேலையே இனி இல்லை. பெங்களூரில் வீடு ஜோகுபாளையம், ஆபீஸ் ரிச்மண்ட் ரோடு. நேராகப் போனால் நாலரை கிலோமீட்டர். இத்தனை வருஷம் ‘ஆபீஸ் ரொம்ப தூரம்’ என்று நான் புலம்பியதெல்லாம் பிள்ளைகளை இறக்கிவிடச் சுற்றிய தூரம். காரை நிறுத்திவிட்டு, பையனின் பழைய சைக்கிளில் ஆபீஸ் போக ஆரம்பித்தேன்.

என்னைப் போலவே வீடு காலியாகி, கார் மட்டும் மிஞ்சி நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் கணக்கு

முன்பு தினமும் 24 கிலோமீட்டர் ஓட்டினேன். ஊருக்குள் என் கார் லிட்டருக்கு 11 தருகிறது. 22 நாளுக்கு 48 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று போட்டால் கிட்டத்தட்ட 4,900. இப்போது போகவர 9 கிலோமீட்டர்தான். அதையும் காரிலேயே போயிருந்தால் 18 லிட்டர், 1,836 ரூபாய். ஆக, சைக்கிள் எனக்கு மிச்சப்படுத்துவது மாதம் 1,836. மீதி மூவாயிரம் பிள்ளைகள் போனதால் மிச்சமானது. அதை சைக்கிள் கணக்கில் எழுதிக்கொண்டு ‘மாதம் ஐயாயிரம் சேமிக்கிறேன்’ என்று அளக்காதீர்கள். நான் முதல் மாதம் அளந்தேன். “கோயம்புத்தூர் டிக்கெட்டையும் அதுல கழிச்சியா?” என்றார் வீட்டுக்காரர்.

2. பரணில் கிடப்பதை இறக்குங்கள்

புது சைக்கிள் வாங்க ஓடாதீர்கள். பெரியவன் ஒன்பதாவது படிக்கும்போது வாங்கிய 21 கியர் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும், காற்று நின்றாலும் நம்பக் கூடாது. இரண்டு ட்யூப், பிரேக் கட்டைகள், கேபிள் எல்லாம் மாற்றி 1,450 ரூபாய் ஆயிற்று. ஒரு மாதப் பெட்ரோல் காசில் போட்டதை எடுத்துவிட்டேன்.

எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது டயரின் ஓரத்திலேயே பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருக்கும். மீட்டர் வைத்த, நின்றுகொண்டு அடிக்கும் பம்பு ஒன்று வாங்குங்கள். கைக்கடக்கமான குட்டிப் பம்பு அவசரத்துக்கு மட்டும்தான், தினமும் அதில் அடித்தால் தோள்பட்டை போய்விடும்.

3. சீட்டு உயரம் (இங்கேதான் நான் மாட்டினேன்)

பையன் ஐந்தடி பதினொன்று, நான் ஐந்தடி மூன்று. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டைக் கடைசிவரை இறக்கிவிட்டேன். பத்தே நாளில் வலது முழங்காலின் முன்பக்கம் வலி. மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்று குத்தும். வயசாகிவிட்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். காற்று அடிக்கப் போனபோது பங்ச்சர் கடை பாய்தான் பார்த்துவிட்டு, “சீட்டு இவ்ளோ கீழ இருந்தா முட்டி போயிடும்மா” என்றார்.

சரியான முறை இது. சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழ்க்கோடி வரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள், இடுப்பு ஒருபக்கம் சரிந்தால் இறக்குங்கள். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும். அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கிக்கொள்ளும். சீட்டுக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது.

இப்படி வைத்தால் உட்கார்ந்தபடி கால் ஊன்ற முடியாது, நுனிவிரல்தான் எட்டும். அதற்குத்தானே பயந்தோம்? சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, கம்பியின் இருபுறமும் கால் வைத்து நிற்க வேண்டும். கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) ஆண்டர்சன்பேட்டையில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் அடித்தபோது இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். காரில் உட்கார்ந்து உட்கார்ந்து மறந்துபோயிருக்கிறது. நம்மூர் தெருவில் இருபது முறை இறங்கி ஏறினால் வந்துவிடும்.

4. மேடு, கியர், வழி

அல்சூர் ஏரிப் பக்கம் பள்ளம், டிரினிட்டி சர்க்கிள் மேடு. மேட்டின் நடுவில் மூச்சு வாங்கியபின் கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். எனக்கு பஸ் ஹாரன் அடிக்க அடிக்க நடுரோட்டில் கழன்றது. மேடு தொடங்கும் முன்பே, அழுத்தாமல் மிதித்துக்கொண்டு மாற்றுங்கள். முன்பக்கம் செயின் நடுப் பல்சக்கரத்திலேயே இருக்கட்டும், வலது கை கியரை மட்டும் மாற்றினாலே இந்த ஊருக்குப் போதும்.

மேப் காட்டும் குறுக்குவழியை நம்பாமல் ஞாயிறு காலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓல்டு மெட்ராஸ் ரோடு எனக்குக் கட்டோடு பிடிக்காது, பஜார் தெரு வழியாகப் போவேன்.

சுடிதார் போடுகிறவர்களுக்கு: துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். வலது காலில் துணி கிளிப் போடுங்கள், செயின் அந்தப் பக்கம்தான். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் வேண்டும். செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள், தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

பின்சேர்க்கை 1: ‘அப்போ கார் என்ன ஆச்சு?’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அதை எழுத வெட்கப்பட்டு விட்டிருந்தேன். மூன்றாவது வாரமே பேட்டரி செத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் போட்டுத்தான் கிளம்பியது. நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் இன்ஜினை ஓடவிடுவதால் பேட்டரி ஏறாது. வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். அந்தப் பெட்ரோலையும் கணக்கில் கழியுங்கள்.

பின்சேர்க்கை 2: குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு, ஓடும் கிலோமீட்டரைப் பொறுத்துப் பிரீமியம் போடும் இன்சூரன்ஸ் வசதிக்கு 2022இலேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) அனுமதி தந்திருக்கிறது என்று ஒரு வாசகர் நினைவூட்டினார். புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

பின்சேர்க்கை 3: மளிகை எப்படி என்று கேட்டவருக்கு. முன்பு 25 கிலோ மூட்டை அரிசி, இப்போது 5 கிலோ பை. அது கேரியரிலேயே உட்கார்ந்துவிடுகிறது. நைலான் கயிறு வழுக்கும். கழற்றிப்போட்ட பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்து, இழுத்துக் கட்டுங்கள்.