பொறியியல் படிப்புச் செலவு: கடன் வாங்கும் முன்பும் பின்பும்

தமிழ்நாட்டில் பொறியியல் சேரப்போகும் பிள்ளைக்கு முதல் சேமிப்பே கலந்தாய்வில் சீட் எடுப்பதுதான். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணமும் கூடும், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகையும் போகும், கல்விக் கடனுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியமும் போகும். பிடித்த பிரிவுக்காக அந்தப் பக்கம் போகுமுன் நான்கு வருடத்துக்கும் சேர்த்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு மனு போடுங்கள். கட்டணம் தலா 60 ரூபாய். விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), தாசில்தார் என்று கை மாறி வர நாளாகும். ரிசல்ட் வந்தபின் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மனு திரும்பி வருவது அடிக்கடி அங்கேதான். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் சுயநிதிக் கல்லூரியில் வருடத்துக்கு 25,000 ரூபாய் குறையும், நான்கு வருடத்தில் ஒரு லட்சம். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டதாரி என்றால் கிடைக்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விடவே கூடாது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவதற்கு, மாணவர் பெயரிலேயே ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் எவ்வளவு குறைகிறதோ அதற்கு மட்டும் கடன். கல்லூரியில் நான்கு வருடச் செலவையும் பிரித்துக் காட்டும் போனஃபைடு சான்றிதழ் வாங்கி, விடுதி, புத்தகம், லேப்டாப் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரே தடவை கேளுங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு அடுத்த வருடம் மறுபடி அலைவது வீண். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஆனால் பெற்றோர் இணைக் கடன்தாரர் என்பதால், அவர்கள் பெயரில் நிலுவையில் நிற்கும் நகைக்கடன்கூடத் தடையாகலாம். அதை முதலில் நேர் செய்யுங்கள்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்குத் தரத்தை மதிப்பிடும் அமைப்புகளான நாக் அல்லது என்பிஏவின் அங்கீகாரமும் இருந்தால், படிக்கும் காலம் மற்றும் அதற்கடுத்த ஒரு வருட வட்டிக்கு மானியம் கேட்கலாம். மானியம் இல்லாதவர்கள் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது. கணக்கு இது: வருடத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், 10 சதவீதத் தனிவட்டி. ஐந்தாம் வருட முடிவில் வட்டி மட்டும் 1,40,000. அதை அசலோடு சேர விட்டால் பத்து வருடத் தவணை மாதம் சுமார் 7,140 ரூபாய். அப்போதைக்கப்போது கட்டியிருந்தால் சுமார் 5,290. கட்டிய வட்டியைக் கழித்தாலும் 82,000 ரூபாய் மிச்சம். இப்படிக் கட்டும் வட்டி முதல் வருடம் மாதம் 833 ரூபாயில் தொடங்கி, நான்காம் வருடம் 3,333 ஆகும். படிக்கும்போதே வட்டி கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. வங்கி தரும் கடன் ஒப்புதல் (சாங்ஷன்) கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் பட்டியலையும் கட்டண ரசீதையும் கிளையில் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்காவிட்டால் வங்கி தர வேண்டிய அடுத்த வருடக் கடன் தொகை நின்றுபோகும்.