பாக்கெட் டார்ச்சில் பலரும் சறுக்கும் இடங்கள்

பேட்டரியைத் தலைகீழாகப் போடுவது, எரிகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடலாம். புது டார்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்து "இது பழுதோ?" என்று கேட்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு. அவற்றில் பாதி, ஒரு காலத்தில் நானே கேட்டவைதான்.

அரை அழுத்தம் தெரியாமல் இருப்பது

பின்பக்க ஸ்விட்ச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் லேசாக அழுத்தினாலே எரியும், விரலை எடுத்தால் அணையும். 'டக்' என்று முழுதாக அழுத்தினால் எரிந்தபடியே நிற்கும். மற்றதில் முதலில் முழுதாக அழுத்தி எரியவிட வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு அரை அழுத்தமும் மின்சாரத்தை ஒரு நொடி வெட்டிவிடும். உள்ளிருக்கும் சர்க்யூட் அதை மோட் மாற்றச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அவசரமாக அணைத்து அணைத்துப் போட்டால் வெளிச்சம் மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். பழுது ஒன்றும் இல்லை.

லாக் போடாமல் பையில் போடுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

பக்கவாட்டில் எலெக்ட்ரானிக் பட்டன் உள்ள டார்ச்சுக்கு மெல்லிய தொடுதல் போதும். சாவிக்கொத்து இடித்தாலே எரியும். இரட்டை அழுத்தத்தில் டர்போ, அதாவது உச்ச வெளிச்சம், வரும் மாடல் என்றால் பைக்குள் குலுங்கியே டர்போவுக்குப் போய்விடும். முகப்பு துணியில் ஒட்டிக்கொண்டிருந்தால் வெளிச்சமெல்லாம் அங்கேயே சூடாக மாறும்.

மலையேற்றத்துக்கு வந்த நண்பர் ஒருவரின் பையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. திறந்தால் உள்துணியில் வட்டமாக ஓட்டை, டார்ச்சைத் தொட முடியவில்லை, பேட்டரி காலி. அதற்கு முன்தினம்தான் லாக் போடச் சொல்லியிருந்தேன். "அவசரத்துக்கு உடனே எரிய வேண்டாமா?" என்றார். அன்றிரவு அது எரியவே இல்லை. இரண்டு நொடி வேலைக்குச் சோம்பல்பட்டு ஒரு நல்ல டார்ச்சையும் பையையும் கெடுத்துக்கொண்டதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பெரும்பாலும் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினால் போதும். மரையில் அனோடைஸ் பூச்சு இருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயாது, இணைப்பு அறுந்துவிடும். பட்டனுக்காக எந்நேரமும் சொட்டுச் சொட்டாகப் போகும் மின்சாரமும் அதோடு நிற்கும். மரை வெறும் உலோகமாக இருந்தால் கால் சுற்று உதவாது. ஆகவே தளர்த்தியபின் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். மூடி தளர்ந்திருக்கும்போது பல டார்ச்சுகள் சார்ஜும் ஏறாது. கேபிளைத் திட்ட வேண்டாம்.

பட்டன் வழியாகவே போடும் லாக்கும் உண்டு. சிலவற்றில் நான்கு அழுத்தம், சிலவற்றில் அழுத்திப் பிடிப்பது. கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் அது.

டர்போவிலேயே நடப்பது

டர்போ சில நிமிடக் கூத்து. உடம்பு சூடேறியதும் டார்ச் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அட்டையில் வெளிச்ச அளவும் நேரமும் "1000 லுமென், 2 மணி நேரம்" என்று போட்டிருந்தால் இரண்டு மணி நேரமும் 1000 கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். டார்ச்சுகளை அளப்பதற்கான ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர முறைப்படி, தொடக்க வெளிச்சத்தில் 10 சதவீதமாக இறங்கும்வரை ஓடும் நேரம் முழுவதும் கணக்கில் சேரும். ஆக, கடைசி 100 லுமெனும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான்.

லுமென் இரட்டிப்பானாலும் கண்ணுக்கு இருமடங்காகத் தெரியாது. நடக்க நடுத்தர மோட் தாராளம். அறைக்குள் ஒரு பொருளைத் தேட, இருப்பதிலேயே மங்கலான மூன்லைட் மோட் போதும். இருட்டுக்குப் பழகிய கண்ணை டர்போ ஒரு நொடியில் கெடுத்தால், திரும்பப் பழக அரைமணி நேரம்கூட ஆகலாம்.

ஸ்ட்ரோப்

வேகமாக விட்டுவிட்டு மின்னும் மோட் இது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தவறிப்போய் அதைத் தொடாமல் இருக்க.

ஏஏ இடத்தில் 14500

இரண்டும் பேட்டரி வகைகள். அளவு ஒன்றுதான், வோல்ட் வேறு. சாதாரண ஏஏ 1.5 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறிய 14500 லித்தியம் அயான் 4.2. ஏஏவுக்கு மட்டும் செய்த டார்ச்சில் இதைப் போட்டால் சர்க்யூட் கருகலாம். இரண்டையும் ஏற்கும் டார்ச்சில் ஏஏ போட்டுவிட்டு டர்போ மங்கலாக இருக்கிறது என்று வருகிறவர்களும் உண்டு. அதில் அவ்வளவுதான் வரும்.