கூடப் பிறந்தவரோடு பைக்கில் நெடும்பயணம்: வடசென்னையிலிருந்து கிளம்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பனோடு பைக்கில் போவதென்றால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் எவ்வளவு தூரம் ஓட்டுவது, பெட்ரோல் காசு யாருடையது என்று எல்லாமே பேசி முடிவாகிவிடும். அதுவே அண்ணன், தம்பி, அக்கா என்றால் ஒன்றும் பேசுவதில்லை. "நம்ம வீட்டு ஆள்தானே, பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிடுகிறோம். கூடப் பிறந்தவர்களின் பயணத்தில் வரும் சிக்கல்களில் பாதி இந்தப் 'பாத்துக்கலாம்' போடுகிற குட்டிகள்தான்.

முதலில் கிளம்பும் நேரம். "மூணு மணிக்கே கிளம்பிட்டா டிராபிக்கே இருக்காது" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். மற்ற ஏரியாவுக்கு அது சரியாக இருக்கலாம். எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் அந்த நேரத்திலும் கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்றுக்கும் டிரெய்லர்கள் போய்வந்துகொண்டே இருக்கும். ஓடுகிற டிரெய்லரைவிட, பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கிற டிரெய்லர்தான் ஆபத்து. இருட்டில் பக்கத்தில் போகும் வரை கண்ணுக்கே தெரியாது. போதாக்குறைக்கு, ராத்திரி இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில்தான் உடம்பு தூக்கத்துக்கு அதிகமாக ஏங்கும். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அடுத்தது, தெம்பை ஊருக்குள்ளேயே தொலைப்பது. தண்டையார்பேட்டையில் கிளம்பி, பாரிமுனை, கிண்டி, தாம்பரம் தாண்டுவதற்குள் கிளட்ச் பிடித்த கை மரத்துவிடும். தெற்கே போவதென்றால் மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை போகும் வெளிவட்டச் சாலை இருக்கிறது. சுமார் 60 கிலோமீட்டர், சுற்றுதான், ஆனால் சிக்னலில் நின்று நின்று போகும் வேதனை இல்லை. என்னைக் கேட்டால் நமக்கு வடக்குதான் வசதி. மாதவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா என்று தேசிய நெடுஞ்சாலை 16 வீட்டு வாசலிலிருந்து கிளம்புகிற மாதிரி இருக்கிறது. நெல்லூர் ஏறக்குறைய 175 கிலோமீட்டர், விஜயவாடா 450, விசாகப்பட்டினம் 800. இப்படி ஒரு சாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாரும் ஏன் பாண்டிச்சேரிக்கே போகிறார்களோ தெரியவில்லை.

இப்போது காகித விஷயம். அலுப்பாக இருந்தாலும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நம் வீடுகளில் வண்டி பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது பிள்ளைகள். ஆர்.சி.யும் லைசென்ஸும் சரியாக இருந்தால் ஓட்டுவதில் தப்பில்லை. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும், ஆந்திராவிலும் செல்லும். ஆனால் இன்சூரன்ஸோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போதுதான் பொருந்தும். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகன் ஓட்டி விழுந்தால் அந்தப் பணம் வராது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில், அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான பாலிசியில், பின்சீட்டில் சும்மா உட்கார்ந்து வருபவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் வண்டிக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் பேக்கேஜ் பாலிசி என்றால் பின்சீட்டுக்காரரும் அதற்குள் வருவார். ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் ஒரே வண்டியில் போகும்போது, பாலிசியின் முதல் பக்கத்தையாவது பார்த்துவிட்டுப் போகலாம். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தனியாக விபத்துக் காப்பீடு சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

வண்டியைப் பொறுத்தவரை, "போன மாசம்தான் சர்வீஸ் விட்டேன்" என்ற பேச்சு கடலோரத்தில் எடுபடாது. காசிமேடு, ராயபுரம் பக்கம் தெருவில் நிற்கும் வண்டியின் செயினை விரலால் தொட்டுப் பாருங்கள், செம்மண் நிறத்தில் ஒட்டும். உப்புக் காற்று அப்படி. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருப்பவர்களுக்கு அனல் மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது, அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. செயினுக்கு வழியிலும் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (செயின் எண்ணெய்) அடிக்க வேண்டும்.

ஏர் விஷயத்திலும் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று வண்டியில் உள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ தனித்தனியாகவே போட்டிருக்கும். இருவர் கணக்குப்படி பின் டயரில் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், அதுவும் டயர் சூடாவதற்கு முன்னால். பின் ஷாக் அப்சார்பரையும் ஒன்றிரண்டு படி இறுக்குங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உங்களுக்குச் சாலை தெரியாது.

பின்னால் உட்காருபவர் மூட்டை அல்ல. வளைவில் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டி கோட்டை விட்டு விலகும். அவர் முதுகில் பத்து கிலோ பையை மாட்டிவிட்டால், ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரைத் திருகும்போதும் அது அவரைப் பின்னால் இழுக்கும். பைகளைப் பக்கவாட்டில், கனமானது கீழே இருக்கும்படி கட்டுங்கள். ரப்பர் கயிற்றின் கொக்கி கழன்றால் ஒன்று கண்ணில் அடிக்கும், இல்லை சக்கரத்தில் சுற்றும், அதனால் அதைவிடப் பட்டை வார்தான் நல்லது. அக்காவோ தங்கச்சியோ வருகிறாரென்றால், அழகுக்காகக் கழற்றிப் போட்ட சாரி கார்டைத் தேடி எடுத்து மாட்டுங்கள். துப்பட்டா பின் சக்கரத்தில் சிக்க ஒரு நொடி போதும்.

ஹெல்மெட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இருவருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, வார் மாட்டி.

கூடப் பிறந்தவர்களுக்கே உரிய பெரிய தவறு, களைப்பை ஒத்துக்கொள்ளாதது. நாயுடுபேட்டை தாண்டி, உச்சி வெயிலில் இப்படி நடக்கும்:

"டேய், வண்டிய ஓரங்கட்டு, டீ குடிக்கலாம்."

"இன்னும் இருவது கிலோமீட்டர் போயிடலாம்கா."

"கண்ணு சொருகுதுடா உனக்கு, கண்ணாடில தெரியுது."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நீ சும்மா வா."

நண்பனிடம் "முடியலைடா" என்று சொல்லும் அதே ஆள் அக்காவிடம் சொல்ல மாட்டான். அண்ணன்மார்களோ தம்பியிடம் ஹேண்டில்பாரையே தர மாட்டார்கள். ஆகவே கிளம்பும் முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தச் சொல்லும் உரிமை பின்சீட்டுக்கு. தோளில் இரண்டு தட்டு தட்டினால் கேள்வி கேட்காமல் ஓரங்கட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, களைத்தாலும் களைக்காவிட்டாலும் இறங்கித் தண்ணீர் குடிப்பது. பின்னால் இருப்பவரும் தூங்கக்கூடாது. தூங்கி வழிபவர் பிடியை விடுவது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு வண்டியில் போனால் சின்ன வண்டி முன்னால். பிரிந்துவிட்டால் போன் அடித்துத் தேட வேண்டாம், அடுத்த டோல்கேட்டைத் தாண்டி இடது ஓரத்தில் காத்திருப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். வடக்கே போகும்போது முதலில் நல்லூர், அப்புறம் சூலூர்பேட்டை.

போனில் அவசரத் தொடர்பு எண்ணாக அண்ணன் தம்பியையும், தம்பி அண்ணனையும் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் விழுந்தால் அந்த எண்ணால் யாருக்கு என்ன பயன்? சித்தப்பாவோ மாமாவோ, ஊரில் இருக்கும் ஒருவர் எண்ணை மாற்றிப் போடுங்கள். 108 ஆந்திராவிலும் வேலை செய்யும், நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அம்மா அரை மணிக்கு ஒருமுறை கூப்பிடத்தான் செய்வார், ஓட்டாதவர் எடுத்துப் பேசட்டும். பர்மா பஜாரில் வாங்கிய ஹோல்டரில் விலை உயர்ந்த போனை மாட்டினால், அதன் கேமராவையும் மறந்துவிட வேண்டியதுதான். மோட்டார்சைக்கிள் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

கல்யாணமான அக்காவோடு போகிறவர்கள் லாட்ஜில் ஒரு சங்கடத்துக்குத் தயாராக இருங்கள். ஆதாரில் அவருக்குக் கணவர் இனிஷியல், உங்களுக்கு அப்பா இனிஷியல். சின்ன ஊர்களில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். முன்பே போன் செய்து சொல்லி அறை போட்டுவிட்டால் அர்த்த ராத்திரியில் வாக்குவாதம் இருக்காது.

திரும்பும் நாளை ஞாயிறு இரவு வரை இழுப்பதும் தவறுதான். காரனோடையில் தொடங்கி மாதவரம் வரை வீடு திரும்பும் கார்கள் ஒரு பக்கம், லாரிகள் ஒரு பக்கம். வீடு வந்துவிட்டது என்ற நினைப்பில் கவனம் குறையும் இடமும் அதுதான். நெல்லூரிலோ கூடூரிலோ தங்கி, திங்கள் விடிந்ததும் கிளம்பினால் டிபன் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். திங்கட்கிழமைக்கும் சேர்த்து இருவரும் முதலிலேயே லீவு சொல்லிவிடுங்கள்.